கடிகாரத்தைத் திருப்பி வைப்பது எப்படி?

பதவியேற்பு முடிந்தது. மாலைகளைக் கழற்றி வைத்தாயிற்று. இனி ஏதாவது செய்தாக வேண்டும். பாலம் கட்டினால் திறப்பதற்குள் அடுத்த தேர்தல் வந்துவிடும். விலைவாசியைத் தொட்டால் சுடும். ஊர்ப் பெயர்களையெல்லாம் உங்களுக்கு முன்னால் இருந்தவர் மாற்றித் தீர்த்துவிட்டார். கவலை வேண்டாம், தலைவரே. காசு செலவில்லாமல், ஒரே இரவில், நாட்டின் எல்லா வீட்டுச் சுவர்களிலும் உங்கள் ஆட்சி தெரிய ஒரு வழி இருக்கிறது. கடிகாரத்தை மாற்றுங்கள்.

முதலில் ஒரு காரணம் வேண்டும். மின்சாரம் மிச்சமாகும் என்பது நூறு வருடத்துக்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கும் காரணம். 1916 ஏப்ரல் 30 அன்று ஜெர்மனி, போர்க்காலத்தில் நிலக்கரியை மிச்சம் பிடிப்பதற்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. மூன்றே வாரத்தில் எதிரி நாடான பிரிட்டனும் அதையே செய்தது. அந்தப் போரில் இரண்டு தரப்பும் ஒத்துப்போன விஷயங்கள் அதிகமில்லை. பிற்பாடு, 2006இல், அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் முழுவதும் கோடைக்கால நேரத்துக்கு மாறியபோது, பொருளாதார ஆய்வாளர்கள் வீட்டு மின்கட்டணக் கணக்குகளைப் புரட்டிப் பார்த்தார்கள். செலவு குறையவில்லை, கூடியிருந்தது. விளக்கில் மிச்சமானதை ஏசி தின்றுவிட்டது. அமைச்சரவைக் குறிப்பில் இந்த ஆய்வைச் சேர்க்க வேண்டாம்.

உள்ளே இருக்கும் காரணம் வேறாக இருந்தாலும் பாதகமில்லை. இந்த யோசனையின் குலமுறையே அப்படித்தான். நியூசிலாந்தின் வெலிங்டனில் அஞ்சல் நிலையத்தில் வேலை பார்த்த ஜார்ஜ் ஹட்சனுக்குப் பூச்சி சேகரிப்பதில் பைத்தியம். வேலை முடிந்த பிறகும் வெளிச்சம் இருந்தால் கூடுதலாகப் பிடிக்கலாம். 1895இல் அங்கிருந்த அறிஞர் சபையில் எழுந்து, கோடையில் கடிகாரத்தை இரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள் என்றார். சிரித்தார்கள். லண்டனில் வீடு கட்டி விற்ற வில்லியம் வில்லெட்டுக்கு, மாலை கோல்ஃப் ஆட்டம் இருட்டால் பாதியில் நிற்பது பொறுக்கவில்லை. 1907இல் துண்டுநூல் அச்சடித்தார். ஏப்ரல் மாதத்தின் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இருபது இருபது நிமிடமாக முன்னே தள்ள வேண்டும், செப்டம்பரில் அதே போலப் பின்னே இழுக்க வேண்டும் என்பது அவர் திட்டம். வருடத்துக்கு எட்டு தடவை ஸ்டூல் போட்டு ஏற வேண்டும் என்று யாரும் அவருக்கு எடுத்துச் சொன்னதாகத் தெரியவில்லை. 1915இல் இறந்துபோனார், அவர் கேட்டது மறு வருடம் நடந்தது. மன்னர் ஏழாம் எட்வர்டோ யாரிடமும் கேட்கவில்லை. சாண்ட்ரிங்ஹாம் மாளிகைக் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே வைக்கச் சொல்லிவிட்டு வேட்டைக்குப் போனார். பூச்சிக்காகவும் கோல்ஃபுக்காகவும் வேட்டைக்காகவும் மாறிய நேரம் உங்களுக்காக மாறாதா?

எவ்வளவு மாற்றுவது என்பது அடுத்த கேள்வி. ஒரு மணி நேரம் சாதாரணம், எல்லோரும் செய்கிறார்கள். தனித்துவம் வேண்டுமென்றால் அரை மணி. வெனிசுவேலாவின் ஹூகோ சாவேஸ் 2007 டிசம்பரில் அரை மணி பின்னே இழுத்தார்; பிள்ளைகள் விடிந்த பிறகு எழுந்து பள்ளிக்குப் போகட்டும் என்றார். வட கொரியா 2015 ஆகஸ்ட் 15 அன்று அரை மணி பின்னே போனது. ஜப்பானியர் பறித்துக்கொண்ட நேரத்தை, விடுதலையின் எழுபதாம் ஆண்டு நாளில் மீட்டுவிட்டதாகக் காரணம் சொல்லப்பட்டது. இன்னும் நுணுக்கமாகப் போக விரும்பினால் நேபாளத்தைப் பாருங்கள். கௌரிசங்கர் மலைமேல் ஒரு கோடு போட்டு, 1986 முதல் இந்தியாவைவிடக் கால் மணி நேரம் முன்னால் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவரைவிடப் பதினைந்து நிமிடம் முன்னால் எழுந்திருப்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்யும்.

இதெல்லாம் சில்லறை என்று நினைப்பவர்களுக்கு சமோவா. அங்கே பிரதமர் துயிலேபா மணிக்கணக்கில் யோசிக்கவில்லை, ஒரு நாளையே தூக்கினார். 2011 டிசம்பர் 29 வியாழக்கிழமை இரவு படுத்த சமோவாக்காரர்கள் 31 சனிக்கிழமை எழுந்தார்கள். நடுவில் வெள்ளிக்கிழமை கிடையாது. 30ஆம் தேதி பிறந்தவர்களுக்கு அந்த வருடம் பிறந்தநாள் இல்லை. வேலை செய்யாத அந்த வெள்ளிக்கிழமைக்கும் சம்பளம் உண்டு என்று அரசு அறிவித்தது. இந்த ஒரு வரியை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள், தலைவரே. எதிர்ப்பைப் பாதியாகக் குறைத்த வரி அதுவாகத்தான் இருக்க வேண்டும். இதற்கு ஒரு முன்கதையும் உண்டு. 1892இல், அமெரிக்காவோடு வியாபாரம் செய்வதற்காக இதே தீவுகள் தேதிக்கோட்டின் அந்தப் பக்கம் போயின. அந்த வருடம் ஜூலை 4 இரண்டு முறை வந்தது. இப்போது வியாபாரம் ஆஸ்திரேலியாவோடும் நியூசிலாந்தோடும். சமோவாவில் வெள்ளி என்றால் அங்கே சனி, கடை மூடியிருக்கும். இங்கே ஞாயிறு தேவாலயத்தில் இருக்கும்போது சிட்னியில் திங்கள் வேலை ஓடும். வாரத்தில் இரண்டு நாள் வீண். எனவே 119 வருடங்களுக்கு முன் கடனாக வாங்கிய நாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இதே பிரதமர் 2009இல் வலப்பக்கம் ஓடிய வண்டிகளை இடப்பக்கம் ஓட்ட வைத்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மனிதருக்குப் பயிற்சி இருந்தது.

வியாபாரிக்கு எது சௌகரியமோ அதை ஒட்டி நேரத்தை மாற்றினால் கேள்வியே வராது என்பது என் அனுபவமல்ல, என் சந்தேகம். தீபகற்ப மலேசியா, நாட்டின் கிழக்கு மாநிலங்களான சபா, சரவாக்கோடு ஒரே நேரத்துக்கு வருவதற்காக அரை மணி முன்னே போனபோது, சிங்கப்பூர் மறுபேச்சில்லாமல் கூடவே போனது. 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை அடித்ததும் பன்னிரண்டு. அந்த அரை மணி இன்றுவரை வரவில்லை, யாரும் தேடவும் இல்லை.

எப்போது அறிவிப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 2023 மார்ச்சில் லெபனான் செய்ததை அப்படியே குறித்துக்கொண்டு, அதற்கு நேர் எதிராகச் செய்யுங்கள். சனிக்கிழமை நள்ளிரவில் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே போக வேண்டும். வியாழக்கிழமை, பிரதமர் நஜீப் மிகாத்தி, ரமலான் முடியும்வரை மாற்றம் கிடையாது என்றார். சபாநாயகர் நபீஹ் பெர்ரி அவரிடம் இதைக் கேட்டுக்கொண்ட காணொளி வெளியே கசிந்தது. விமானங்கள் குழம்பிப்போகுமே என்று பிரதமர் இழுக்க, எந்த விமானம் என்று சபாநாயகர் கேட்கிறார். நோன்பு திறப்பது ஏழு மணிக்குப் பதிலாக ஆறு மணிக்கு வரும் என்பது கணக்கு. சூரியனைப் பார்த்துத் திறக்கிற நோன்பில் கடிகாரம் ஆறு காட்டினாலும் ஏழு காட்டினாலும் பசியின் நீளம் ஒன்றுதான், ஆனால் அதை அந்த அறையில் யாரும் சொல்லவில்லை.

அங்குள்ள கிறிஸ்தவர்களின் மாரோனைட் திருச்சபை மாட்டேன் என்றது. சில தொலைக்காட்சிகளும் பள்ளிகளும் புது நேரத்துக்குப் போயின. அரசு அலுவலகங்கள் பழைய நேரத்தில் நின்றன. கைப்பேசிகள் யார் பேச்சையும் கேட்காமல் தாமாகவே மாறிக்கொண்டதால், கையால் திருத்திக்கொள்ளுங்கள் என்று தொலைபேசி நிறுவனங்கள் செய்தி அனுப்பின. விமான நிறுவனம் தன் கடிகாரத்தைப் பழைய நேரத்திலும் விமானத்தைப் புது நேரத்திலும் வைத்தது. மதத்துக்கு ஒரு மணி என்று ஆகிவிட்ட நாட்டில் திங்கட்கிழமை அமைச்சரவை கூடி உத்தரவைத் திரும்பப் பெற்றது.

இதைக் கேட்டால் இலங்கைக்காரர்கள் சிரிப்பார்கள். மழை பொய்த்து நீர்மின் அணைகள் வற்றியபோது, 1996 மே மாதம் அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போனது. தாங்க முடியாமல் அக்டோபரில் அரை மணி பின்னே வந்தது. மீதி அரை மணி பத்து வருடம் அப்படியே நின்று, 2006 ஏப்ரலில், புத்தாண்டு கழிந்த கையோடு பழைய இடத்துக்குப் போனது. அந்தப் பத்து வருடமும் ஒருவர் நேரம் சொன்னால் மற்றவர், "பழைய நேரமோ புது நேரமோ?" என்று கேட்க வேண்டியிருந்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி புது நேரத்தை ஏற்கவே இல்லை. போர்நிறுத்தக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் கொழும்புக்கு வந்தவர் வன்னிக்குள் நுழையும் முகமாலையில் அரை மணியைக் கழற்றி வைத்துவிட்டு, வெளியேறும் ஓமந்தையில் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். இதில் ராகுகாலத்தை எந்த நேரத்தில் பார்ப்பது என்பது தனி வழக்கு. சூரியன் உதிப்பதை வைத்துக் கணித்த ராகு, ஜனாதிபதி உத்தரவுக்குக் கட்டுப்படுவாரா?

நம் பக்கத்திலும் நடந்ததுதான். 1906 ஜனவரி 1 அன்று இந்திய நேரம் பிறந்தபோது சென்னை ஒன்பது நிமிடத்தைச் சத்தமில்லாமல் கொடுத்துவிட்டது. பம்பாய்க்கு இழப்பு முப்பத்தொன்பது நிமிடம். அந்த ஊர் முறைத்துக்கொண்டு தன் சொந்த நேரத்தை சுதந்திரத்துக்குப் பிறகும் கொஞ்ச காலம் பிடித்து வைத்திருந்தது. ஒரு தேநீர் குடிக்கும் நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்று இதிலிருந்து தெரிகிறது.

உத்தரவே போடாமல் மாற்றவும் முடியும். 2018 தொடக்கத்தில் செர்பியாவுக்கும் கொசோவோவுக்கும் மின்சாரத் தகராறு. கட்டமைப்பில் மின்சாரம் குறைந்து, அதிர்வெண் தளர்ந்து, ஐரோப்பாவின் இருபத்தைந்து நாடுகளில் அடுப்புக் கடிகாரங்கள் மெல்ல மெல்ல ஆறு நிமிடம் பின்தங்கின. பொறுப்பேற்க ஆளில்லாத சீர்திருத்தம், உங்களுக்கு உதவாது.

கடைசியாக, திரும்பப் பெறுவது. வெட்கப்பட வேண்டாம், வேறு காரணம் சொன்னால் போதும். சாவேஸின் அரை மணியை அவருடைய வாரிசு மதுரோவே 2016இல் எடுத்துவிட்டார், மின்சாரம் மிச்சமாகுமாம். கிம் ஜோங் உன் 2018இல் தென் கொரிய அதிபரைச் சந்தித்தபோது சுவரில் இரண்டு கடிகாரங்கள் இரண்டு நேரம் காட்டியது மனதை வருத்தியதென்று ஒரே வாரத்தில் பழையபடி மாற்றினார். திரும்பப் பெறாமலும் இருக்கலாம். 1940இல் பிராங்கோ ஸ்பெயினை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தினார்; அவர் போய் அரை நூற்றாண்டாகியும் அந்த ஊர் இரவு பத்து மணிக்குச் சாப்பிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் கருத்துக் கேட்டது. 46 லட்சம் பேர் பதில் போட்டார்கள், 84 சதவீதம் பேர் இந்த வருடாந்திர விளையாட்டே வேண்டாம் என்றார்கள், மறு வருடம் நாடாளுமன்றமும் சரி என்றது. கடிகாரங்கள் இன்னும் வருடத்துக்கு இரண்டு முறை மாறிக்கொண்டிருக்கின்றன.

உத்தரவில் கையெழுத்திடும்போது கீழே தேதியும் நேரமும் எழுதச் சொல்வார்கள். தேதியை மட்டும் போடுங்கள். சமோவா முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் அதுவும் வேண்டாம்.