முட்டி மோதும் கேள்விகள்

கே: நெட்டி முறித்தால் மூட்டுவாதம் வரும் என்று பாட்டி திட்டுகிறாரே? (மன்னார்குடி வாசகர்)

ப: பேரனுக்குத் திருஷ்டி கழித்து, தன் நெற்றிப்பொட்டில் பத்து விரலையும் சொடுக்குவாரே, அந்தப் பாட்டியா? அமெரிக்காவில் டொனால்டு உங்கர் என்று ஒரு டாக்டர். அவரையும் அம்மா, மாமியார் எல்லோரும் இப்படித்தான் பயமுறுத்தினார்கள். மனிதர் இடது கையில் மட்டும் தினமும் இரண்டு முறையாவது சொடக்கெடுத்தார், 60 வருடம்! வலது கைக்கு ஓய்வு. கடைசியில் இரண்டு கையிலும் மூட்டுவாதம் இல்லை. 2009-இல் வேடிக்கை ஆராய்ச்சிகளுக்கான இக்நோபல் பரிசு கொடுத்துச் சிரித்தார்கள். ஒரே ஓர் ஆளின் சோதனைதான். ஆனாலும் பாட்டியிடம் வாதாட இது போதும்.

கே: நடந்தால் முட்டி தேயும் என்று வாக்கிங்கை நிறுத்திவிட்டேன். சரிதானே? (சேலம் வாசகி)

ப: முட்டி என்ன ஸ்கூட்டர் டயரா, ஓட ஓடத் தேய்வதற்கு? எலும்பு நுனியில் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயே கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவம்தான் அதற்குச் சாப்பாடு. நீங்கள் நடக்கும்போது அது அழுந்தி, விரிந்து, அந்தத் திரவத்தை இழுத்துக்கொள்கிறது. நாள் முழுக்க சீரியல் முன்னால் உட்கார்ந்தால் அதற்குப் பட்டினி. தொடைத்தசை வலுவாக இருந்தால் முட்டியின் சுமையில் அதுவும் தோள் கொடுக்கும். விளம்பர இடைவேளையில் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். முட்டி ஏற்கெனவே வீங்கியிருந்தால் மட்டும் முதலில் டாக்டர், பிறகு நடை.

கே: ஒரே ஒரு கிலோ குறைந்திருக்கிறேன். முட்டிக்குத் தெரியுமா? (கோவை வாசகர்)

ப: உங்கள் மனைவிக்குத் தெரிகிறதோ இல்லையோ, முட்டிக்குத் தெரியும். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முட்டிக்கு நான்கு கிலோ சுமை குறைகிறது என்று 2005-இல் வந்த ஓர் ஆய்வு அளந்து சொன்னது. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊரில் பத்து வருடத்தில் சுமார் ஐந்து கிலோ இறக்கிய பெண்களுக்கு முட்டித் தேய்மான ஆபத்து பாதியானது. பத்து வருடம் என்று படித்ததும் இன்னொரு வடையைத் தொடாதீர்கள்.

கே: முட்டிக்கு நல்லது என்று கொல்லிமலையில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடித்தேன். பலன் உண்டா? (நாமக்கல் வாசகர்)

ப: மிளகுக் காரம் தொண்டைக்கு இதம். அங்கேயே ஆகாயகங்கை அருவிக்கு ஆயிரம் படிக்கு மேல் இறங்கி ஏறினீர்களா? முட்டி நன்றாக இருக்கும் ஆளுக்கு அதுதான் மருந்து. சூப் அதற்குக் கூலி.

கே: சிகரெட் நுரையீரல் சமாசாரம். விரல் மூட்டுக்கும் அதற்கும் என்ன உறவு? (மதுரை வாசகர்)

ப: நெருங்கிய உறவு! முடக்குவாதம் தேய்மானத்தால் வருவதல்ல. நம் எதிர்ப்பு சக்தியே நம் மூட்டைத் தாக்குவது. புகை, நுரையீரலில் உள்ள புரதங்களின் உருவத்தை மாற்றுகிறது. காவல்படை அவற்றை அந்நியன் என்று முடிவுகட்டி, பிறகு மூட்டுவரைக்கும் போய் வம்பிழுக்கிறது. சிகரெட்டை விட்டால் ஆபத்து இறங்கும். ஆனால் மெதுவாக, வருடக்கணக்கில். காலையில் விரல்கள் விறைத்து, இளக ஒரு மணி நேரம் ஆகிறதா? தைலக் குப்பியைத் தேடாமல் வாதநோய் நிபுணரைத் தேடுங்கள். சீக்கிரம் மருந்து தொடங்கினால் மூட்டு கோணாமல் காப்பாற்றலாம்.

கே: கால் பெருவிரல் நடுராத்திரியில் வீங்கித் துடிக்கிறது. யூரிக் அமிலமாம். பீரை விட்டுவிட்டேன், பிராந்தி? (புதுச்சேரி வாசகர்)

ப: கேள்வியிலேயே ஊர் தெரிகிறது. பிராந்தியையும், ஈரல் வறுவலையும், இனிப்புக் குளிர்பானத்தையும் சேர்த்தே விட்டுவிடுங்கள்.