மூணாவது சாட்சி

வாடா பேராண்டி, இங்கன திண்ணையில உக்காரு. உள்ள போகாத. ஒங்கப்பன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கான். ஒங்காத்தா பாத்திரத்தக் கழுவுறாளா ஒடைக்கிறாளான்னு தெரியல, அப்பிடிச் சத்தம். நீ ராத்திரி பேசுனது அவுக ரெண்டு பேருக்கும் புரியல, அதனால கோவம். எனக்குப் புரிஞ்சிருச்சு, அதனால சிரிப்பு.

காதல்ங்கிறது சுதந்திரமான ரெண்டு மனுசருக்குள்ள விசயம். கல்யாணம்ங்கிறது சமூகம் மாட்டுற விலங்கு. அதனால நீயும் அந்தப் பிள்ளையும் சென்னையில ஒரே வீட்டுல இருக்கப் போறீக, இதுல ஊருக்கும் ஒறவுக்கும் சோலியே இல்ல. இதான நீ சொன்னது? நடுவுல சார்த்தர் சார்த்தர்னு வேற சொன்ன. ஒங்கப்பன் அந்த பிரெஞ்சுத் தத்துவக்காரர ஒன் ஆபீசுல புதுசா வந்த மேனேஜருன்னு நெனச்சுக்கிட்டான். நான் ஊர்ப்புற நூலகத்துல காலம் பூரா பூட்டத் தொறந்து பூட்டுனவன்டா. தினத்தந்தி படிக்க வாரவுக போன பெறகு அலமாரிக்கும் எனக்கும்தான் பேச்சு. சார்த்தர் எழுதுனது ஒனக்குத் தெரியும். அவரு எங்கன தங்கி எங்கன சாப்பிட்டாருன்னு எனக்குத் தெரியும்.

1929ல பாரிஸ்ல அவரும் சிமோன் த பொவ்வார் அம்மாவும் ஒரு ஒப்பந்தம் போட்டாக. கல்யாணம் கெடையாது, ஒரே வீட்டுக் குடித்தனம் கெடையாது. முதல்ல ரெண்டு வருசத்துக்குன்னு பேச்சு, குத்தகைன்னுதான் அதுக்குப் பேரே வச்சாரு. நம்ம காதல் அடிப்படைக் காதல், வழியில வந்து போறது தற்செயல் காதல். எதையும் ஒருத்தருக்கொருத்தர் ஒளிக்கக் கூடாது. ரெண்டு வருசக் குத்தகை, அந்தாளு 1980ல கண்ண மூடுற வரைக்கும் அம்பத்தொரு வருசம் ஓடுச்சு. கொறை சொல்லவே மாட்டேன். அக்கினிய மூணு சுத்து சுத்துனவன் ஆறு மாசத்துல வக்கீல் வீட்டச் சுத்துறத நான் பாத்தவன்.

ஆனா அந்தத் தற்செயல்னு பேரு வாங்குனவுக யாரு? ஒப்பந்தம் பேசுனப்ப அவுகள யாரும் கூப்பிட்டுக் கேக்கல. நடுவுல வந்து மாட்டுன சின்னப் பிள்ளைக, அதுலயும் படிக்க வந்த பிள்ளைக சிலரு. மூணாவது ஆளுக்கு மனசு எப்பிடி இருக்கும்ங்கிற கேள்விய நாங்க ஒதுக்கி வச்சுட்டோம்னு அந்தம்மாவே பின்னால தன் நெனவுக் குறிப்புல ஒத்துக்கிட்டாக. பெரிய மனசுதான். ஆனா அதத் தற்செயல் எழுதல பாத்தியா, அடிப்படைதான் எழுதுச்சு.

இன்னொன்னு கேளு. சுதந்திரத்தப் பத்தி தலகாணி கனத்துக்கு ஒரு புத்தகம் 1943ல எழுதி, உலகம் பூரா பேரு வாங்கி, வயசு நாப்பதத் தாண்டுன பெறகு, 1946ல அந்த மனுசன் எங்கன குடிபோனாரு தெரியுமா? அவுக ஆத்தா வாங்குன வீட்டுக்கு. ஆத்தாகூடவே பல வருசம் இருந்தாரு. மேசையில சுதந்திரம், அடுப்படியில ஆத்தா. என்னடா முழிக்கிற? பஸ்ஸ விட்டு எறங்கையில தோள்ல ஒரு பையும் கையில ஒரு மூட்டையும் கொண்டாந்தியே, அந்த மூட்டையில என்ன? மூணு வாரத்து அழுக்கு. காலரு கறுத்த சட்டை எட்டு, ஒத்தக் கால் சாக்ஸ் ஒன்னு. காலையில ஒங்காத்தா ஊற வச்சா, நாந்தான் கெணத்துல தண்ணி எறச்சுக் குடுத்தேன். சார்த்தர் தத்துவத்துல நீ எம்புட்டுத் தேறுனியோ, அவரு குடித்தனத்துல முதல் மார்க்கு வாங்கிட்ட.

சரி, கோவிச்சுக்காத. அவருக்கு முன்னால ஒருத்தரு இருந்தாரு, ரூசோ. 1762ல சமூக ஒப்பந்தம்னு எழுதி ராசாக்களத் தூங்க விடாம அடிச்சவரு. அதே வருசம் பிள்ளைகள எப்பிடி வளக்கணும்னு எமிலின்னு ஒரு புத்தகமும் போட்டாரு. ஒசந்த புத்தகம். அவரு வீட்டு நெலவரம் வேற. தெரேஸ் லெவாசர்ங்கிற பொண்ணு, விடுதியில துணி வெளுத்துக்கிட்டு இருந்தவ, அவகூட வாழ்ந்தாரு. கைவிடவும் மாட்டேன், கட்டவும் மாட்டேன்னு ஆரம்பத்துலயே சொல்லிட்டாராம். பெறந்த அஞ்சு பிள்ளையையும் பாரிஸ் அநாதை ஆசிரமத்துல விட்டாச்சு. அவ அழுதா. அத எழுதுனதும் அவரேதான். 1768ல வயசு அம்பத்தாறுல பூர்குவான்ங்கிற ஊருல ரெண்டு பேர முன்னால வச்சு, நான் இவள மனைவியா ஏத்துக்கிட்டேன்னு சொன்னாரு. பாதிரியும் இல்ல, சடங்கும் இல்ல. அந்த நாட்டுச் சட்டப்படி அது செல்லாது. ஆனா இருபத்து மூணு வருசம் கழிச்சு அந்த மனுசனுக்கு ரெண்டு சாட்சி வேணும்னு தோணுச்சே, அத நெனச்சுப் பாரு. ஊரே வேணாம்னு காட்டுப் பக்கம் நடந்துக்கிட்டே திரிஞ்ச ஆளு அவரு.

ஏன் தோணுச்சுன்னு நீ பாரிஸ்ல தேட வேணாம். நம்ம குறுந்தொகையில கபிலர் பாட்டுல ஒரு பொண்ணு பொலம்புறா. அவன் என்னக் கூடுனப்ப அங்க யாருமே இல்ல, அவன்தான் இருந்தான், அவனே மாறிப் பேசுனா நான் யாருகிட்டப் போவேன்னு கேக்குறா. பக்கத்துல ஒரு குருகு நின்னுச்சாம். அதுவும் ஆரல் மீன்மேல கண்ணா இருந்துச்சாம். அகநானூத்துல கள்ளூர்க்காரன் ஒருத்தன். பழகுன பொண்ண இவ யாருன்னே எனக்குத் தெரியாதுன்னு சத்தியம் பண்ணுனான். அவையில சாட்சிய விசாரிச்சு, பொய்யின்னு தெரிஞ்சதும் அவன மரக்கிளையில கட்டித் தலையில சுண்ணாம்பக் கொட்டுனாக. தொல்காப்பியம் இன்னும் பச்சையாச் சொல்லுது. கல்யாணச் சடங்கு காதலிச்சவுகளுக்காக வரலையாம், ஏமாத்துறவன் பெருத்த பெறகு பெரியவுக ஏற்பாடு பண்ணுனதாம்.

அதனால பேராண்டி, எங்க ரெண்டு பேருக்குள்ள, வேற யாருக்கும் சோலி இல்லைன்னு நீ நெஞ்ச நிமித்திச் சொன்னியே, அது கேக்கும்போது கவிதையா இருக்கு. கள்ளூர்க்காரனும் அதத்தான் சொல்லியிருப்பான். சாட்சி இல்லாத சுதந்திரம் ரெண்டு பேருக்கும் சரிபாதி வராது. எவன் எந்திரிச்சுப் போனா நட்டம் இல்லையோ அவன் பங்கு சாஸ்தி. இப்பவும் நீதிமன்றம் அதத்தான் கேக்குது. 2005ல குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்துச்சுல்ல, அதுல தாலி கட்டாமச் சேந்து வாழ்ந்த பொண்ணுக்கும் பாதுகாப்பு உண்டு. ஆனா 2010ல கோயம்புத்தூர் வழக்கு ஒன்னுல உச்ச நீதிமன்றம், சும்மா சேந்து இருந்தாப் போதாது, புருசன் பொண்டாட்டி மாதிரி ஊரு முன்னால நடமாடியிருக்கணும்னு சொல்லிருச்சு. நீ வேணாம்னு சொல்லுற அதே ஊருதான், அவளுக்கு ஒரு கஷ்டம்னா கோர்ட்டுல வந்து நிக்கணும்.

எல்லாரும் ரூசோ இல்ல. இங்கிலாந்துல மில்லுன்னு ஒரு மனுசரு, ஜான் ஸ்டூவர்ட் மில். ஹாரியட் டெய்லர் அம்மா மேல பிரியம். அந்தம்மா ஏற்கெனவே கல்யாணமாகிப் பிள்ளை பெத்தவுக. இருபது வருசம் ஊரு வாயில அரைபட்டுக்கிட்டே சிநேகமா இருந்தாக. அந்தம்மா வீட்டுக்காரரு 1849ல தவறுனாரு, 1851ல இவரு கட்டுனாரு. கட்டுறதுக்கு முன்னால தாள எடுத்து எழுதுனாரு பாரு. பொண்டாட்டி மேலயும் அவ சொத்து மேலயும் சட்டம் எனக்குக் குடுக்குற அதிகாரம் எதுவும் எனக்கு வேணாம், கல்யாணமே ஆகாதவ மாதிரி அவ தன் இஷ்டத்துக்கு இருக்கலாம்னு. சட்டத்துல அந்தத் தாளுக்கு மதிப்பில்லைன்னு அவருக்கே தெரியும். தெரிஞ்சும் கையெழுத்துப் போட்டாரு. சுதந்திரம்னா அடுத்த ஆளுக்கு எழுதிக் குடுக்குறதுன்னு புரிஞ்சவரு. நீ இந்த மாதிரி ஏதாச்சும் எழுதிக் குடுத்திருக்கியா? வாட்ஸப்புல இதயம் அனுப்புனது கணக்குல வராது.

இப்பக் கொஞ்சம் சத்தமாப் பேசப் போறேன். ஒங்கப்பன் கதவுக்குப் பின்னாலதான் நிக்கிறான், கால் தெரியுது. இவ்வளவு நேரம் நான் பேசுனதுக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்திருக்கும் அவனுக்கு. கேளுடா மகனே. ஊருங்கிறது சாட்சி. சாட்சி மட்டுந்தான். நெலம் எழுதுறப்பச் சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவன், போட்டுட்டு டீயக் குடிச்சிட்டுப் போகணும். அந்த நெலத்துல வேலி கட்டப்புடாது. நம்மாளுக கட்டிட்டாக. சினிமாவுல காதலர்க ரெண்டு பேரும் ரயிலேறித் தப்பிச்சா மொதல்ல விசில் அடிக்கிறது யாரு, நீதான. சொந்த மக பக்கத்துத் தெருப் பையன்கூடப் பேசுனா அருவாளத் தேடுறதும் நம்ம பயகதான். கௌரவம்னு பேரு வச்சுப் பெத்த பிள்ளையக் கொல்லுற ஊரு, சமூகத்தப் பத்தி இவனுக்குப் பாடம் எடுக்கக் கெளம்பிட்டுது.

இந்தா பக்கத்துல இருக்குற சுக்கிலநத்தத்துல 1928லயே ஐயரும் ஓமமும் இல்லாமச் சுயமரியாதைக் கல்யாணம் நடந்துச்சு. அப்பறம் அம்பதுகள்ல உயர் நீதிமன்றம், சாஸ்திரச் சடங்கு இல்ல, இந்தக் கல்யாணம் செல்லாதுன்னு சொன்னப்ப, எத்தன குடும்பம் ராத்திரியோட ராத்திரியாக் கல்யாணமாகாத குடும்பமாச்சு! 1967ல அண்ணா சட்டம் கொண்டாந்துதான் தீந்துச்சு. சொந்தமோ சிநேகமோ கூட இருக்க, ஏத்துக்கிட்டேன்னு புரியுற பாஷையில சொல்லி, மாலைய மாத்துனாலும் சரி, மோதிரம் போட்டாலும் சரி, தாலி கட்டுனாலும் சரி. 2023ல உச்ச நீதிமன்றம், அத ஊரக் கூட்டி நடத்தணும்னு கட்டாயமில்லைன்னும் சொல்லிருச்சு. ஊருக்குப் பயந்து கட்டுறவுகளும் இருக்காகள்ல. வயசு வந்த ரெண்டு பேரு சம்மதிச்சா குடும்பமோ சாதியோ சம்மதிக்கணும்னு இல்லைன்னு 2018லயே சொன்னாக. ஒங்கப்பன் காதுல விழுந்திருக்கும். கால் நகருது பாரு.

அந்தப் பிள்ளை வேற மதமா? பேசாம இருக்குறதப் பாத்தா ஆமான்னு தெரியுது. அப்ப 1954ஆம் வருசத்துச் சிறப்புத் திருமணச் சட்டந்தான். சென்னையில மனு குடுத்தா ஒரு மாசம் நோட்டீசு ஒட்டுவாக. ஒனக்கு நிரந்தர விலாசம் இங்கனதான, அதனால நம்ம பக்கத்து ஆபீசுக்கும் ஒரு நகல் வரும். அந்தப் பலகைய நான் பாத்திருக்கேன். கண்ணாடி விரிசல் விட்டு, பூட்டுத் துருப்பிடிச்சு, உள்ள பழைய ஏல அறிவிப்புக்கு மேல பொண்ணு மாப்பிள்ளை பேரு, வயசு, தொழிலு, வீட்டு விலாசம். வில்லங்கச் சான்று வாங்க வந்தவன் சும்மா நிக்கிற நேரத்துல போன எடுத்துப் படம் புடிச்சுப் போறான். சாயங்காலத்துக்குள்ள அது சாதிச் சங்கக் குரூப்புல போயிரும். சட்டம் சாட்சிக்காகத் தொறந்து வச்ச சன்னலு வழியா வேலிக்காரன் உள்ள பூந்துர்றான். ஒளிவு மறைவில்லாமச் செய்யணும்னு நெனச்ச சட்டத்துல இது ஒரு ஓட்டை. 2021ல அலகாபாத் உயர் நீதிமன்றம், கட்டிக்கிறவுக கேட்டாத்தான் ஒட்டணும்னு சொல்லுச்சு. அவுக சொன்னது அவுக மாநிலத்துக்கு.

அந்தச் சட்டத்துல மூணு சாட்சி வேணும். ஒன் சிநேகிதப் பயக ரெண்டு பேரு வருவானுக, அவனுகளுக்குப் பிரியாணி போதும். மூணாவது கையெழுத்துக்கு நான் வாரேன். கல்யாணம் வேணாம், இப்பிடியேதான் இருப்போம்னு ரெண்டு பேரும் சேந்து முடிவெடுத்தாலும் வாரேன், ஒங்க வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் தங்கி, தெருவுல நாலு பேருகிட்ட இவுக எங்க வீட்டுப் பிள்ளைகன்னு சொல்லிட்டு வாரேன். அதுவும் சாட்சிதான். ஆனா ராத்திரி ஒன்ற மணி நேரம் பேசுனியே, சார்த்தர் பேரு எத்தன தடவ வந்துச்சு, அந்தப் பிள்ளை பேரு ஒரு தடவயாச்சும் வந்துச்சா? இதெல்லாம் அவ கருத்தா, ஒன் கருத்தா? அவளும் அடுப்படிப் பக்கம் ஆத்தா இருக்குற வீட்டுல இருந்துதான் சுதந்திரம் பேசுறாளா, இல்ல தன் துணியத் தானே தொவைக்கிறாளா?

போன எடு. அவளுக்குப் போடு. ஸ்பீக்கர்ல போடாத, எங்கிட்டக் குடு. நீ அந்தப் பக்கம் கொடியில போய் ஒஞ்சட்டையக் காயப்போடு, நாங்க ரெண்டு பேரும் பேசணும்.