குரல் நடுங்கினால் பொய்யா?

கேள்வி: பேசும் குரலை வைத்தே பொய்யைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பலாமா?

பதில்: கூடாது. அது தேடுவது பதற்றத்தை. போலீஸ் அறையில் உட்கார்த்தினால் உத்தமனுக்கும் தொண்டை வறளும். பழகிய புளுகனுக்கோ குரல் பிசகாது. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில், கைதானவர்களிடம் போதைப் பழக்கம் பற்றிக் கேட்டு, பதில்களைச் சிறுநீர்ப் பரிசோதனையோடு ஒப்பிட்டார்கள். மென்பொருளிடம் சிக்கியவை பொய்களில் சுமார் 15 சதவீதமே.

ஆனாலும் "மெஷின் காட்டிக் கொடுத்துவிட்டது" என்றால் மனிதர்கள் உடைந்துபோகிறார்கள். அங்கேதான் எனக்குப் பயம். 1998இல் கலிபோர்னியாவில் 14 வயதுச் சிறுவனை இப்படி மிரட்டி, தங்கையைக் கொன்றதாக ஒப்புக்கொள்ள வைத்தார்கள். பொய்யைப் பிடிக்க வந்த மெஷின், பொய் சொல்ல வைத்தது! அவன் முற்றிலும் குற்றமற்றவன் என்று நீதிமன்றம் அறிவித்தது 2012இல்.