தாம்பரத்தில் அளந்த மனித மனம்

மனித மனத்தை அளக்கத் தாம்பரத்தை விட்டு நகரவே வேண்டாம் என்று நம் உளவியல் மாணவர்கள் கண்டுபிடித்திருப்பது பாராட்டத்தக்கது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கூகுள் படிவத்தைப் போட்டால் போதும். செங்கல்பட்டு மின்ரயில் வண்டலூரைத் தொடுவதற்குள் அறுபது மனங்கள் வந்து விழும். இதற்கு 'வசதி மாதிரி' என்று பெயர். யாருடைய வசதி என்று கேட்பது பண்பாடல்ல. அறுபது சிநேகிதர்கள் எப்படித் தமிழ்நாடு ஆவார்கள் என்கிறார்கள் சிலர். முன்னணி உளவியல் இதழ்களின் மாதிரிகளில் 96 சதவீதம், உலக மக்களில் 12 சதவீதமே வாழும் மேலை நாடுகளிலிருந்து வந்தவை என்று 2010இல் ஹென்ரிக் என்ற ஆய்வாளரின் குழுவினர் சுட்டிக்காட்டினார்கள். அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைகள் மனித குலமாகலாம், சேலையூர்ப் பிள்ளைகள் தமிழ்நாடாகக் கூடாதா?

கேள்விகளை மட்டும் இருபதாக வைத்துக்கொள்வது நலம். புள்ளியியலாளர் ஃபிஷர் 1925இல் வசதியாக இருக்கிறதென்று போட்டுக்கொடுத்த 0.05 என்ற கோட்டின் அருளால், கிழக்குத் தாம்பரத்துக்கும் மேற்குக்கும் வேறுபாடே இல்லாவிட்டாலும் சராசரியாக இருபதில் ஒன்று தற்செயலாக 'வேறுபாடு உண்டு' என்று தேறிவிடும். பத்தொன்பதை மறந்துவிட்டு, மேற்கே பதற்றம் அதிகம் என்று முடிவுரை எழுதலாம். ஜி.எஸ்.டி. சாலை அந்தப் பக்கம்தானே, காரணமும் கைவசம்! திரும்பச் செய்தால் இதே முடிவு வருமா என்பது விஷமக் கேள்வி. 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு 2015இல் 36 சதவீதமே தேறியது. ஆகவே திரும்பச் செய்யாமலிருப்பதே அறிவியல். தவிர, அந்த அறுபது பேரும் இப்போது மும்முரம். திங்களன்று இவள் படிவத்தில் மனச்சோர்வு, செவ்வாயன்று அவன் படிவத்தில் தன்மதிப்பு என்று மாறி மாறி நிரப்புகிறார்கள். எல்லா ஆய்விலும் பிசகாமல் வெளிப்பட்ட பண்பு ஒன்று உண்டு: நட்பு. அதற்குத்தான் படிவத்தில் கேள்வி இல்லை.