மூலப் பத்திரம்

சனிக்கிழமை காலை. பொன்னேரியில் எங்கள் வீட்டுக் கூடம். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. கையில் காப்பி டம்ளர் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"சார், மூலம் இருக்கா?"

யார் மூலமாக வெளியே போனது என்று தெரியவில்லை. கேட்டவர் குரலில் அதிகாரம் இருந்தது. பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இருக்கு சார்."

"எத்தனை வருஷமா?"

"மூணு வருஷமா."

"மூணு பத்தாது சார். முப்பது வருஷத்துக்கு வேணும்."

எனக்கு வியர்த்துவிட்டது. அவர் விடவில்லை. "வில்லங்கம் எதுவும் இல்லையே?"

"உட்காரும்போது மட்டும்தான் சார்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நான் பேங்க் வக்கீல் பேசறேன். வீட்டோட மூலப் பத்திரத்தைக் கேட்டேன்" என்றார். சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது. மூன்று வருடம் கட்டிக்காத்த ரகசியம் அத்தோடு முடிந்தது.

எப்படிக் காத்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் நான் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். பொன்னேரியில் ரயில் ஏறினால் நடுவில் கவரைப்பேட்டை, அடுத்தது கும்மிடிப்பூண்டி. பெட்டியே காலியாக இருந்தாலும் வாசலோரம் நின்றுகொண்டுதான் போவேன். யாராவது கேட்டால், "ரெண்டு ஸ்டேஷன்தானே!" ஸ்டேஷனிலிருந்து சிப்காட்டுக்குள் போகிற ஷேர் ஆட்டோவில் நிற்க முடியாது. வழியில் வேகத்தடை எத்தனை என்று என்னைக் கேளுங்கள், டிரைவரைக் கேட்காதீர்கள்.

ரத்தம் பட்ட நாட்களில் லீவு லெட்டரில் 'பல்வலி' என்று எழுதுவேன். ஆறாவது பல்வலிக்கு ஆபீஸ் தம்பி கேட்டான்: "அண்ணே, இன்னும் எத்தனை பல்லுண்ணே பாக்கி?" அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978 டிசம்பரில் மூலத்தால் அன்றைய நிகழ்ச்சிகளை ரத்து செய்தார், உலகத்துக்கே தெரிந்தது. அவருக்கு இல்லாத கௌரவம் ஸ்டோர்ஸ் இன்சார்ஜுக்கு.

வியாதி வந்த வழியும் கௌரவமானதல்ல. எங்கள் வீட்டில் தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிற ஒரே அறை கழிவறைதான். கைப்பேசியோடு உள்ளே போனால் அரை மணி நேரம் நான் யாருக்கும் கணவனில்லை, அப்பனில்லை. பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றின் ஆய்வு 2025-இல் வெளியானது. கழிவறைக்குக் கைப்பேசி கொண்டுபோகிறவர்களுக்கு மூலம் வரும் வாய்ப்பு 46 சதவீதம் கூடுதலாம். 125 பேரை வைத்துச் செய்தார்களாம். எனக்குச் சொல்லியிருந்தால் 126-ஆவது ஆளாக நானே போயிருப்பேன்.

ரகசியம் உடைந்த அன்று மாலையே ஊத்துக்கோட்டையிலிருந்து மாமியார் வந்து இறங்கினார், கூடை நிறையப் பிடிகருணையோடு. "எல்லாம் சூடு மாப்பிள்ளை. மசியல் பண்ணித் தரேன், மோரைக் குடிங்க, துத்தி இலையை விளக்கெண்ணெயில வதக்கி வச்சுக் கட்டுங்க." மசியலும் மோரும் வாய்வழி விவகாரம், சமாளித்தேன். கட்டுவதுதான் பிடிபடவில்லை. ஆலையில் கொதிகுழாய்க்கே கட்டுப்போட்டவன் நான். இந்த இடத்தில் எதை எதோடு இழுத்துக் கட்டுவது?

அமாவாசையன்று மனைவி என்னைத் திருவள்ளூருக்கு அழைத்துப் போனாள். அங்கே வீரராகவப் பெருமாளுக்கு வைத்திய வீரராகவர் என்றே பெயர். குளத்தில் வெல்லம் கரைத்தால் அது கரைவதுபோல நோயும் கரையும் என்பது நம்பிக்கை. கரைத்தேன். உண்டியலில் போட வெள்ளித் தகடு வாங்கலாம் என்றாள். கடைக்கார அம்மா தட்டை நீட்டினார்: "கண்ணு, கை, காலு, வயிறு. எது சாமி?"

மனைவி கோபுரத்தைப் பார்த்தாள். நான் குளத்தைப் பார்த்தேன். "முழு ஆளு குடுங்க" என்றேன்.

"முழு ஆளா? அவ்ளோ முடியலையா சாமி?"

வாங்கித் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் கண், மூக்கு, கைகால் எல்லாம் இருந்தன. பின்பக்கம் வெறும் தகடு.

இதை ஸ்டோர்ஸில் சொன்னபோது, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் தம்பி ஒருவர் சிரிக்காமல் சொன்னார்: "பைபிள்ல இருக்குண்ணே. உடன்படிக்கைப் பெட்டியைத் தூக்கிட்டுப் போன பெலிஸ்தருக்கு மூலவியாதி வந்துச்சு. பெட்டியைத் திருப்பி அனுப்பும்போது மூலத்தோட உருவத்தையே அஞ்சு, பொன்னுல செஞ்சு வச்சாங்க." தமிழ் வேதாகமத்தில் முதலாம் சாமுவேலில் அப்படித்தான் இருக்கிறது. இன்றைய தங்க விலைக்கு நான் வெல்லத்தோடு நிறுத்திக்கொண்டது நல்லதுதான்.

ரயில் பாதையோரச் சுவர்களில் மூலம், பவுத்திரம், விரைவீக்கம் என்று மூன்றையும் ஒரே வரியில் எழுதி, 'ஆபரேஷன் இல்லாமல்' என்று போட்டிருப்பார்கள். அதில் ஒரு எண்ணைக் குறித்து வைத்திருந்தேன். மனைவி அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு சர்ஜனிடம் கூட்டிப் போனாள். சர்ஜன் என் மகள் வயதுப் பெண். இடது பக்கம் ஒருக்களித்து, முழங்காலை நெஞ்சோடு சேர்த்துப் படுக்கச் சொன்னார். பார்த்துவிட்டு நர்ஸிடம், "ஏழு மணியில ஒண்ணு, பதினோரு மணியில ஒண்ணு. மூணு மணி பரவாயில்லை" என்றார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தாகக் கால் மணி இருந்தது.

மூலம் என்பது புதிதாக முளைப்பதில்லையாம். ஆசனவாய்க்குள் எல்லோருக்கும் பிறவியிலிருந்தே ரத்தக்குழாய் மெத்தைகள் உண்டு, முக்கியமாக அந்த மூன்று மணிகளில். வாய் கசியாமல் மூட உதவுவதே அவைதான். "கேஸ்கெட்டா டாக்டர்?" என்றேன். "அப்படியே வச்சுக்கோங்க" என்றார். மலச்சிக்கல், முக்கல், மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பது, இதெல்லாம் சேர்ந்து கேஸ்கெட்டை வீங்க வைத்து இடம் நகர்த்தும். உள்மூலத்துக்கு வலி நரம்பு இல்லாத இடம், வலிக்காமல் ரத்தம் மட்டும் வரும். வெளிமூலம் தோல் பக்கம், ரத்தம் கட்டிக்கொண்டால் வலியில் உயிர் போகும். வெளியே வந்து தானே உள்ளே போனால் இரண்டாம் நிலை. கையால் தள்ளினால் மூன்று. போகவே மாட்டேன் என்றால் நான்கு. எனக்கு இரண்டு. பள்ளியிலும் எனக்கு இதைவிட நல்ல ரேங்க் வந்ததில்லை.

ஒரு விஷயத்துக்குத்தான் திட்டினார். "மூணு வருஷமா ரத்தம் போகுது, மூலம்னு நீங்களே தீர்ப்பு எழுதிட்டீங்க. குடல் புற்றுநோயிலும் ரத்தம் வரும்." எனக்கு வயது நாற்பத்தெட்டு. கொலோனோஸ்கோபி முடிந்து சுத்தம் என்று தெரியும்வரை நான்கு நாள் வீட்டில் யாரும் கேலி பேசவில்லை. அந்த நான்கு நாளுக்குப் பல்வலியே தேவலை.

மருந்து சாதாரணம். இசப்கோல், அதற்கேற்ற தண்ணீர், கீரை, கொய்யா, கேழ்வரகு என்று நாளுக்கு 25, 30 கிராம் நார்ச்சத்து. வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் பத்து பதினைந்து நிமிடம் உட்கார வேண்டும். கழிவறையில் காலுக்குக் கீழே ஒரு மனை. கைப்பேசி வெளியே. மெத்தையின் அடியில் ரப்பர் வளையம் மாட்டினால் ரத்த ஓட்டம் நின்று, ஒரு வாரம் பத்து நாளில் சுருங்கி விழுந்துவிடுமாம். "சைஸ் என்ன டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன், தொழில் புத்தி. இருபது வருடம் ஓ-ரிங் எடுத்துக் கொடுத்தவனுக்கு இன்டென்ட் இல்லாமல் மாட்டிய ஓ-ரிங் அது. வலி இல்லை. இரண்டு நாள் மட்டும் உள்ளே என்னவோ அடைத்த மாதிரி இருந்தது.

வீட்டு மூலப் பத்திரம் பரண்மேல் டிரங்குப் பெட்டியில் அகப்பட்டது, 1987-ஆம் வருடத்தது. எடுத்துக்கொண்டு வக்கீல் ஆபீஸுக்குப் போனேன். உட்காரச் சொன்னார், மூன்று வருடத்தில் முதல் தடவையாகத் தயங்காமல் உட்கார்ந்தேன். அவர் வேறொரு கட்டை எடுக்க எழுந்தார். நாற்காலியில், நடுவில் ஓட்டை விட்ட வட்டமான ரப்பர்க் காற்றுத் தலையணை. ஸ்டோர்ஸ்காரன் கண்ணுக்கு ஓ-ரிங் எந்த சைஸிலும் தப்பாது.

"எத்தனை வருஷமா சார்?" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பது வருஷத்துக்குக் கேப்பீங்களோ?"