கூரையின் பூர்வாசிரமப் படம்

இன்று காலை தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துப்போன கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குக் காபி இறங்கவில்லை. ஆயினும் கோபத்தோடு எழுதுவது சிலாக்கியமல்ல என்பதால், புயலில் கூரை சேதமுற்று இன்ஷூரன்ஸ் தொகைக்கு மனுப் போடவிருக்கும் அன்பர்களுக்கு என் அநுபவத்திலிருந்து மூன்று யோசனைகளை மட்டும் சாவதானமாகச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவதென்று உட்கார்ந்திருக்கிறேன்.

கடலூரில் எங்கள் வீட்டின் பின்கட்டு சீமை ஓடு வேய்ந்தது; 1865-இல் பாஸல் மிஷன் பாதிரிமார் மங்களூரில் தொழிற்சாலை வைத்துச் சுட ஆரம்பித்தார்களே, அந்த வம்சத்து ஓடு. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு, சவூதி அரேபியா பெயர் சூட்டிய ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறி, ஏறியதோடு போகாமல், கல்யாணம் முடிந்தும் ஊருக்குப் புறப்படாத சம்பந்தி வீட்டாரைப் போலப் பல மணி நேரம் அங்கேயே நின்று பொழிந்தபோது, அதில் ஒரு வரிசை ஓடு சரிந்து உள்ளே விழுந்தது. நான் விசனப்படவில்லை. என்னிடம் 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசி இருந்தது. 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் யாவும் விற்றே தீரவேண்டும் என்று ஏற்பட்ட பாலிசி அது. அதை நான் படித்ததில்லை, நீங்களும் படித்திருக்கமாட்டீர்கள். புயல், சூறாவளி என்ற சொற்கள் அதில் இருக்கின்றன என்று யாரோ சொன்னதே போதுமென்று, மடிப்புக் கலையாமல் டிரங்குப் பெட்டிக்குள் வைத்தவன், மனுப் போடும்போதுகூட அதைத் திறக்கவில்லை. பாலிசி எண் கைபேசியில் இருந்தது.

சர்வேயர் வந்தார். நல்ல பிள்ளை, வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "தானே புயலுக்கே அசையாத கூரை தம்பி இது" என்றேன். 2011 டிசம்பர் 30-இல் இதே கரையில் ஏறிப் பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்த அந்த மகா புயலைத் தாங்கிய கூரை என்றால் மரியாதை கூடும் என்பது என் எண்ணம். அவர் அதை எழுதிக்கொண்டார். தானேக்கு அசையாத ஓடு, அதைவிட மெலிந்த ஃபெஞ்சலுக்கு விழுந்திருக்க நியாயமில்லை. ஆகவே ஜீர்ணத்தால் விழுந்திருக்கலாம் என்று பிறகு ஒரு கடிதம் வந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையில், கம்பெனி எப்போதும் காக்கையின் கட்சி.

கூடவே, சேதத்துக்கு முந்தைய நிலையைக் காட்டும் புகைப்படமும் வேண்டுமாம்.

எவன் ஐயா தன் கூரையைப் படம் எடுத்துவைப்பான்? பீரோவிலிருந்து ஏழு ஆல்பங்களை இறக்கிக் குடும்பமே உட்கார்ந்து தேடினோம். கல்யாணங்கள் இருந்தன, காதுகுத்துகள் இருந்தன, இப்போது பேச்சுவார்த்தை இல்லாத உறவினர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். துளசி மாடம் இருந்தது. லட்சுமி என்ற பசு மூன்று படங்களில், அவற்றில் ஒன்றில் மாலையோடு, இருந்தது. எல்லாரும் அந்தக் கூரைக்கடியில்தான் நின்றார்கள். ஆனால் எல்லாப் புகைப்படக்காரர்களும் சொல்லிவைத்தாற்போல் தலையோடு நிறுத்திவிட்டார்கள். என் தங்கையின் நிச்சயதார்த்தப் படத்தில் ஓட்டின் விளிம்பு போல ஏதோ தெரிந்ததும் அனைவரும் ஆரவாரித்தோம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததில் அது அத்தையின் கொண்டை. பேரனின் கைபேசியில் ஆயிரக்கணக்கான படங்கள்: ஒரே இட்லி பதினான்கு கோணங்களில், புதுச் செருப்பு, வாய் பிளந்து தூங்கும் நான். அண்ணாந்து பார்த்து ஒரு படம் எடுக்க அந்தக் குலக்கொழுந்துக்குத் தோன்றவில்லை. (முதல் யோசனை இந்த இடத்தில் வரவேண்டியது, இருக்கட்டும்.)

கடைசியில் அகப்பட்டது, 1987-இல் பெரியப்பாவின் சஷ்டியப்தபூர்த்திப் படம். புகைப்படக்காரர் ஈரத் தரையில் வழுக்கிய கணத்தில் எடுத்தது. கீழ்மூலையில் பெரியப்பாவின் நெற்றியும் கோபமும். மிச்சமெல்லாம் கூரை, ஓடு ஓடாக, நடுவில் ஒரு சிட்டுக்குருவி. இந்தப் படத்துக்குக் காசு கொடுக்கமாட்டேன் என்று பெரியப்பா அன்று போட்ட சண்டை தெருவுக்கே தெரியும். அந்த மனிதர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கவேண்டும் என்று வாழ்த்திப் பிரதி எடுத்து அனுப்பினேன்.

இன்று வந்த கடிதம் அதற்குப் பதில். கூரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'படத்தில் காணப்படும் நபர் பாலிசிதாரரா? அல்லவெனில், மேற்படி கட்டடத்தில் அவருக்குள்ள பாத்தியதை யாது? தக்க சான்று ஏழு நாள்களுக்குள் அனுப்பவும்.'

பெரியப்பா 1994-இல் காலமாகிவிட்டார்.

"ஏங்க, பெரிய மாமாவோட டெத் சர்டிபிகேட் டிரங்குப் பெட்டியிலதானே இருக்கு?" என்றாள் என் மனைவி. இருந்தது. ஓடு சரிந்த இடத்துக்கு நேர் கீழேதான் அந்தப் பெட்டியும் இருந்தது என்பது அதைத் திறந்தபோதுதான் உறைத்தது. சான்றிதழும் பாலிசியும் நனைந்து, ஒட்டிக் காய்ந்து, அப்பளம்போல் ஒன்றாகியிருந்தன. கத்தி முனையால் பிரித்துப் பார்த்தேன். தாசில்தார் ஆபீஸ் மசி பாலிசியில் இறங்கி, பாலிசிதாரர் என்ற இடத்துக்கு நேரே பெரியப்பாவின் பெயர் இடம்வலம் மாறித் தெளிவாகப் பதிந்திருக்கிறது.