குக்கீ நீக்கமும் குடும்ப அமைதியும்: ஒரு டேப்லெட்டை முன்வைத்து

இவ்வாய்வின் எல்லை பத்து அங்குலம். அதாவது, கூடத்து ஸ்டூலின் மேல் சார்ஜர் கழற்றப்படாமல் கிடக்கும் ஒரு டேப்லெட்டின் திரை எவ்வளவோ அவ்வளவு. 2020இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது மகளின் ஆன்லைன் வகுப்புக்கென்று வாங்கப்பட்ட இக்கருவி, பள்ளி திறந்த பிறகு பொதுச்சொத்தாயிற்று. தாத்தா, பாட்டி, ஆய்வாளர், அவர் மனைவி, மகள் என ஐவரும் ஒரே பிரவுசரில் புழங்குகின்றனர். பிரைவசி கருதி அவ்வப்போது இதன் குக்கீகளை அழிப்பது ஆய்வாளரின் வழக்கம். அப்படி அழிக்கும்போது யார் யாரிடமிருந்து மறைகிறார்கள் என்பதே ஆய்வுச் சிக்கல். கருதுகோள் வருமாறு: குக்கீயை அழித்தால் வேண்டியவர்கள் உடனே மறந்துவிடுவார்கள், வேண்டாதவர்கள் ஆற அமரத்தான் மறப்பார்கள்.

முதலில் வரலாறு. இணையத் தளங்களுக்குப் பிறவிக் குணம் மறதி. ஒரு பக்கத்தைக் கேட்டவரும் அடுத்த நொடி இன்னொரு பக்கத்தைக் கேட்டவரும் ஒரே ஆள்தான் என்பது சர்வருக்குத் தெரியாது. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மான்டுல்லி என்ற இளைஞர், இணையக் கடையில் பொருள் எடுத்துக் கொண்டிருப்பவரின் கூடையை எங்கே வைப்பது என்ற சிக்கலுக்கு விடை தேடினார். பிரவுசர் ஒவ்வொன்றுக்கும் மாறாத எண் ஒன்றைக் கொடுத்துவிட்டால் வேலை எளிது. ஆனால் எல்லாத் தளங்களும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ஆளைப் பின்தொடரும் என்று அந்த வழியை அவர் ஒதுக்கினார். பதிலாக, ஒவ்வொரு தளமும் தன் குறிப்பை எழுதிப் பிரவுசரிடம் கொடுத்துவைக்கும். அடுத்த முறை அந்தத் தளத்துக்கு மட்டுமே அது காட்டப்படும். நல்ல மனிதர், நல்ல எண்ணம்.

அளவையும் சொல்லிவிட வேண்டும். ஒரு குக்கீக்கு 4,096 பைட். தமிழை அதில் வைப்பதானால் சதவீதக் குறிகளாக மாற்றி வைப்பதே வழக்கம். உயிரோ அகரமேறிய மெய்யோ புள்ளியோ கொம்போ, ஒவ்வொன்றுக்கும் ஒன்பது பைட் செலவாகும். கணக்குப் போட்டால், நீளத்தைப் பொறுத்து எட்டு அல்லது ஒன்பது குறள் அடங்கும். ஓர் அதிகாரம் முழுதாக ஏறாது. இச்செய்தி ஆய்வுக்குத் தேவையற்றது என்பதை ஆய்வாளர் அறிவார். தேவையற்ற செய்தி இல்லாத ஆய்வேட்டை நெறியாளர்கள் ஐயத்தோடுதான் பார்ப்பார்கள்.

மான்டுல்லி அடைத்த வாசலை விளம்பரக்காரர்கள் வேறு பக்கமாகத் திறந்தனர். ஒரு செய்தித் தளத்தின் மூலையில் தெரியும் விளம்பரப் படம் அந்தத் தளத்திலிருந்து வருவதில்லை. விளம்பர நிறுவனத்தின் சர்வரிலிருந்து வருகிறது. வரும்போது அதுவும் தன் பங்குக்கு ஒரு குக்கீயை வைத்துவிட்டுப் போகும். அதே நிறுவனத்தின் படம் சமையல் தளத்திலும் ஜோசியத் தளத்திலும் இருந்தால், மூன்றிலும் ஒரே குக்கீ வாசிக்கப்படும். இந்த மூன்றாம் தரப்புக் குக்கீகளைப் பிரவுசர்கள் தாமாக அனுமதிக்கக் கூடாது என்று 1997 பிப்ரவரியிலேயே ஒரு விதிமுறை எழுதப்பட்டது. எழுதிய இருவரில் ஒருவர் மான்டுல்லியேதான். அன்றைய பெரிய பிரவுசர்கள் இரண்டும் அதைக் காதில் வாங்கவில்லை. அவற்றில் ஒன்று அவருடைய நெட்ஸ்கேப். சஃபாரி முழுத் தடைக்கு வந்தபோது 2020 மார்ச் ஆகிவிட்டது. குரோம், அதே ஆண்டு ஜனவரியில், இரண்டே ஆண்டில் ஒழிக்கிறோம் என்றது. பிறகு பெண் வீட்டார் தள்ளிப்போடும் நிச்சயதார்த்தம்போலத் தேதி தள்ளிக்கொண்டே போய், 2024 ஜூலையில் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது.

இனி அழிக்கும் முறை. குரோமில் அழிக்கப் போனால் எவ்வளவு காலத்தை என்று கேட்கும். கடந்த 15 நிமிடம், ஒரு மணி நேரம், 24 மணி நேரம், 7 நாள், 4 வாரம், எல்லாக் காலமும். இந்தப் பகுப்பில் ஆழ்ந்த மனித இயல் உள்ளது. 15 நிமிடம் குற்றம் செய்தவனின் அலகு. 4 வாரம் சம்பளக்காரனின் அலகு. எல்லாக் காலமும் என்பதைத் தொடுபவன் துறவியாக இருக்க வேண்டும், அல்லது போனை விற்கப் போகிறவனாக இருக்க வேண்டும். ஐபேடின் சஃபாரியில் கடந்த ஒரு மணி நேரம், இன்று, இன்றும் நேற்றும், முழுவதும் என்றிருக்கிறது. முந்தாநாள் செய்ததை மட்டும் தனியே அழிக்க இந்தப் பட்டியல்கள் இரண்டிலும் வழியில்லை. ஐபேடில் ஹிஸ்டரியை அழித்தால் அதே ஐகிளவுட் கணக்கிலுள்ள ஐபோனிலும் அது காலியாகும் என்பதைக் கணவன்மார் கருத்தில் கொள்க. காரணமின்றிக் காலியாகக் கிடக்கும் ஹிஸ்டரியைப் போல ஐயத்தை வளர்ப்பது வேறொன்றில்லை.

குரோம் ஓர் எச்சரிக்கையும் தருகிறது. பெரும்பாலான தளங்களிலிருந்து நீங்கள் வெளியேற்றப்படுவீர்கள், ஆனால் உங்கள் கூகுள் கணக்கிலிருந்து வெளியேற்றப்பட மாட்டீர்கள் என்பது அதன் சாரம். மறக்கடிக்கும் வேலையை யாரிடம் ஒப்படைத்தோமோ அவர் மட்டும் மறப்பதாக இல்லை. கருதுகோளுக்குக் கிடைத்த முதல் சான்று இது.

களத்தில் கண்ட விளைவுகள். அழித்த அன்று மாலையே வங்கித் தளம் இவ்வீட்டாரை முன்பின் பாராதவர்போல் நடத்தி ஓடிபி கேட்டது. ஓடிபி தாத்தாவின் பட்டன் போனுக்குப் போனது. பட்டன் போன் சார்ஜின்றிப் பூஜை அலமாரியில் இருந்தது. மகளின் பள்ளித் தளம் பாஸ்வேர்டு கேட்டது. பாஸ்வேர்டு அறிந்த ஒரே ஆள் டியூஷனில். பாட்டி வீடியோ பார்க்கும் தளத்தில் வழக்கமாக முதலில் வரும் ராமாயணச் சொற்பொழிவுகள் மறைந்து, ஊரே பார்க்கும் சினிமா டிரைலர்கள் வரிசைகட்டின. “என்னடா பண்ணித் தொலைச்ச? எவளோ ஒருத்தி ஆடிட்டிருக்கா” என்பது பாட்டியின் வாக்குமூலம். ஆய்வாளரின் மனைவி ஒரே ஒரு முறை விலை பார்த்த மிக்ஸியின் விளம்பரமோ மறுநாள் காலை பல் துலக்கும் முன்பே வந்து நின்றது. “ஏங்க, அழிச்சிட்டேன்னீங்களே?” என்று அவர் கேட்டது ஆய்வேட்டில் பதிவு செய்யப்பட்டுள்ளது.

இவற்றையெல்லாம்விட ஆய்வாளரைச் சிந்திக்க வைத்தது தாத்தாவின் நிலை. அவர் வருவாய்த் துறையில் ஓய்வு பெற்றவர். எந்த அறிவிப்பையும் கடைசி வரி வரை படிக்காமல் ஒப்புதல் தரமாட்டார். இங்கிலாந்துப் பத்திரிகையொன்றின் கிரிக்கெட் பக்கத்தைத் தினமும் பார்ப்பார். அங்கெல்லாம் ஐரோப்பியச் சட்டங்களின் வழி வந்த ஒப்புதல் பெட்டி உண்டு. 2019 அக்டோபர் 1 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், முன்கூட்டியே டிக் போட்டு வைத்த பெட்டி ஒப்புதலாகாது என்றே தீர்ப்பளித்துவிட்டது. தாத்தாவுக்கு அத்தீர்ப்பு தெரியாது. ஆனால் அந்த நீதிபதிகளின் உள்ளம் அவருக்கும் உண்டு. ‘விருப்பங்களை நிர்வகி’ என்ற இடத்துக்குள் போய், நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் பொத்தான்களை ஒவ்வொன்றாக அணைத்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவார்.

அந்த மறுப்பு எங்கே பதிவாகிறது? பெரும்பாலும் ஒரு குக்கீயில்.

இந்த வீட்டில் பிரைவசிக்காக உழைத்த ஒரே மனிதரின் உழைப்பு முழுவதும், பிரைவசி கருதி ஆய்வாளர் தட்டிய ஒரு பொத்தானில் போய்விட்டது. பத்திரிகைத் தளம் மீண்டும் முதலிலிருந்து கேட்டது. கேட்ட நேரத்தில் டேப் மகளின் கையில் இருந்தது. பெட்டி முழுதாகத் திரைக்கு வருமுன்பே ‘அனைத்தையும் ஏற்கிறேன்’ தட்டப்பட்டுவிட்டது. “அது குறுக்க வந்துச்சுப்பா” என்றாள். ஆக, நீக்கத்துக்குப் பின் இவ்வீட்டின் பிரைவசி முன்பைவிடக் குறைந்தது என்பது இவ்வாய்வின் முதன்மை முடிபு. கருதுகோளில் இது இல்லை; ஆனால் கருதுகோளைவிட நன்றாக இருப்பதால் ஏற்கப்படுகிறது.

துணை முடிபு ஒன்றும் உண்டு. நீக்கத்துக்கு முன் இந்த டேப்பைப் பின்தொடர்ந்த விளம்பரங்களைத் தொகுத்துப் பார்த்தால் ஒரு மனித உருவம் கிடைக்கிறது: நீட் பயிற்சிக்குச் சேர விரும்புபவர், மூட்டு வலித் தைலம் தேவைப்படுபவர், பட்டுப் புடவையும் கிரிக்கெட் மட்டையும் சேர்த்து வாங்கக்கூடியவர், காசிக்குப் போகத் துடிப்பவர், வீட்டுக் கடன் கேட்டு வைத்திருப்பவர். இப்படி ஓர் ஆள் பூமியில் இல்லை. ஐவரும் ஒரே குக்கீயில் கலந்ததால் உருவான இந்தக் கற்பனை ஆளின் பின்னே ஐவரும் சுகமாக ஒளிந்திருந்தனர். கூட்டுக் குடும்பத்தைப் போன்ற மறைப்பு எந்த மென்பொருளிலும் இல்லை என்று ஆய்வாளர் துணிகிறார். அழித்ததும் அந்த ஆள் இறந்தார். அடுத்த சில நாள் டேப்பைப் பாட்டியே வைத்திருந்ததால் விளம்பரங்கள் தெளிந்த சித்தத்தோடு தைலத்தை மட்டும் காட்டின. பாட்டிக்குத் தைலம்தான் வேண்டும் என்பது வேறு விஷயம்.

மறுதரப்பினர், குக்கீயே இப்போது பழங்கதை என்பர். அதிலும் உண்மை உண்டு. ஆப்கள் பிரவுசரின் குக்கீயை நம்பி இல்லை. ஆண்ட்ராய்டிலும் ஐபேடிலும் விளம்பர எண் என்று தனியே ஒன்று இருக்கிறது. மான்டுல்லி 1994இல் வேண்டாம் என்று ஒதுக்கிய அதே எண்தான், வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது. 2021 ஏப்ரல் முதல் ஐபேடில் ஆப்கள் அதைத் தொட அனுமதி கேட்டாக வேண்டும். ஆண்ட்ராய்டின் பிந்தைய பதிப்புகளில் அதை நாமே நீக்கிவிடலாம். பிரவுசரின் பதிப்பு, எழுத்துருக்கள், திரை அளவு போன்றவற்றைச் சேர்த்துப் பார்த்தே ஆளை அடையாளம் காணும் வித்தையும் உண்டு. 2010இல் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் சோதித்தபோது, பார்த்த பிரவுசர்களில் 83.6 சதவீதம் தனித்து அடையாளம் தெரிந்தன. அழிப்பதற்கு அங்கே எதுவுமே இல்லை.

பரிந்துரைகள் சுருக்கமாக. எல்லாவற்றையும் அழிக்காமல் தளம் தளமாகப் பார்த்து வேண்டாததை மட்டும் நீக்கலாம். குரோமில் மூன்றாம் தரப்புக் குக்கீயைத் தடுக்கும் பொத்தான் இருக்கிறது. ஒரு தட்டு போதும், மிக்ஸிகள் பாதி குறையும், பாட்டியின் ராமாயணம் அப்படியே இருக்கும். ஆண்ட்ராய்டு டேப்பில் ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்ளவும் முடியும். மனைவி இதை வற்புறுத்தினார். மேற்சொன்ன கற்பனை ஆளின் மேலுள்ள பாசத்தால் ஆய்வாளர் இதை மேலாய்வுக்கு விட்டிருக்கிறார்.

ஆய்வேடு ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பின் வாய்மொழித் தேர்வுக்கு வைக்கப்பட்டது. புறத்தேர்வாளரான தாத்தா முழுவதையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “எல்லாம் சரிப்பா. பேங்க் பாஸ்வேர்டு என்னன்னு எங்கேயும் சொல்லலையே?”

அது பால் கணக்கு நோட்டின் பின்னட்டையில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் வைக்கப்பட்டிருப்பதாகப் பாட்டி தெரிவித்தார். “பால் போடுற தம்பிகூட போன மாசம் கேட்டானே, இது எந்த மாசத்துக் கணக்கு பாட்டின்னு.”